அந்த வீடியோவில் கத்துகிறவர் என் பெரியப்பா

மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் அந்த நாற்பது வினாடி வீடியோ சுற்றுகிறது, அதனால் எங்கள் ஊரில் வரப்போகிற கல் குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடிமனான ஃபைலைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பொஸ்தகத்தைத் தமிழ்ல குடுங்க, படிச்சுப்போட்டு வந்து பேசறனுங்க" என்று கத்துகிறாரே, மைக்கைப் பிடுங்கியதும் தடுமாறி நாற்காலியைப் பிடிக்கிறாரே, அவர் என் பெரியப்பா. வயது 71. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வீடியோவுக்குப் பின்னால் காமெடி மியூசிக் சேர்த்துப் போட்டவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதைப் பப்ளிக்கில் எழுதுகிறேன்.

"படிப்பறிவில்லாத கூட்டம் வளர்ச்சியை எப்படித் தடுக்குதுன்னு பாருங்க" என்று ஒருத்தர் தலைப்பு வைத்திருந்தார். சார், என் பெரியப்பா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. காலையில் பேப்பர் வந்தால் முதல் பக்கத்தில் தொடங்கி டெண்டர் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். இப்படி ஒரு கூட்டம் நடக்கப் போகிறது என்பதே ஊருக்குத் தெரிந்தது அவர் அந்தப் பொடி எழுத்து அறிவிப்பைப் படித்ததால்தான். தண்டோராவும் இல்லை, நோட்டீசும் இல்லை. அவர் படித்தார், டீக்கடையில் சொன்னார், ஊர் கிளம்பியது. படிப்பறிவில்லாதவராம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். குவாரியை மூடு என்று சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. படிக்க முடியாத ஒன்றைப் பற்றி எப்படிக் கருத்து சொல்வது என்று கேட்டார். இதில் எது காமெடி என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2006 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படிதான் இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கின்றன. முதலில் கம்பெனி ஒரு வரைவு அறிக்கை தயார் செய்ய வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே பேப்பரில் அறிவிப்பு வர வேண்டும். கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்குவார், முழுதும் வீடியோ எடுக்கப்படும். வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பேசியதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் விளக்கிப் படிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தமிழ்தான் தெரியும் என்பது சட்டத்துக்குத் தெரிகிறது, பாருங்கள். ஆனால் எதைப் பற்றிப் பேச வருகிறார்களோ அந்த அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது அந்த அறிக்கையின் சுருக்கம் மட்டும்.

அந்தச் சுருக்கத்தின் லட்சணத்தையும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் குவாரிக்கு 16 பக்கம். குவாரியில் பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்குவார்கள், அந்தப் படிக்கு ஆங்கிலத்தில் பெஞ்ச் என்று பெயர். இதைத் தமிழாக்கிய மகராசன் "5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட இருக்கைகள் அமைக்கப்படும்" என்று எழுதி வைத்திருக்கிறார். "அத்தாச்சோட்டு இருக்கையில ஆருங்க உக்கார்றது?" என்று பெரியப்பா கேட்டதற்கு மண்டபமே சிரித்தது, அது அந்த நாற்பது வினாடியில் வராது. குவாரியைச் சுற்றியுள்ள பகுதியைக் குறிக்கும் பஃபர் மண்டலத்துக்குத் "தாங்கல் மண்டலம்" என்று போட்டிருந்தார்கள். வேடந்தாங்கல் மாதிரி ஏதோ ஏரி வெட்டப் போகிறார்கள் போலிருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்து மாமா நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். பாறைக்கு மேலே இருக்கிற, தோண்டிக் கொட்டுகிற மண்ணுக்கு ஆங்கிலத்தில் ஓவர்பர்டன், அது தமிழில் "அதிக சுமை" ஆகிவிட்டது. ஏதோ மெஷினில் போட்டு எடுத்து, ஒரு தடவை கூட வாசித்துப் பார்க்காமல் பிரின்ட் போட்டது. இதற்குப் பெயர் தமிழில் தகவல் தந்தது.

"முழு அறிக்கையைத் தமிழில் போட்டால் செலவு, காலதாமதம்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து பொறுமையாக விளக்கினார். ரொம்ப நன்றி. அன்றைக்கு மண்டபத்துக்கு நாலு வேனில் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து மத்தியானம் பிரியாணி போட்டார்களே, அதற்குக் காசு இருந்தது. அந்த ஆட்கள் வரிசையாக எழுந்து "இந்தத் திட்டத்தை வரவேற்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் சொன்னார்கள், அவர்களில் ஒருவருக்கும் மைக் கட்டாகவில்லை. மலையை வெட்டி விற்கப் போகிறவர்களுக்கு முந்நூறு பக்கம் மொழிபெயர்க்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் நான் நம்ப வேண்டுமாக்கும்.

"டெக்னிக்கல் ரிப்போர்ட், தமிழில் கொடுத்தால் மட்டும் உங்க பெரியப்பாவுக்குப் புரிஞ்சிடுமா?" இதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்த கேள்வி. கேட்டவர் நல்ல மனிதர், கேலிக்காகக் கேட்கவில்லை, அதனாலேயே கூடுதலாக வலித்தது. சரி என்று அந்த ஆங்கில அறிக்கையை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள், எனக்கே பாதி இடத்தில் தலை சுற்றியது. ஆனால் 144ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் 62 முதல் 66 மீட்டர், குவாரி தோண்டும் ஆழம் 42 மீட்டர், ஆகவே நீர்மட்டத்தைக் குவாரி தொடாது, சுற்றியுள்ள கிணறுகளுக்குப் பாதிப்பு இல்லை. இவ்வளவுதான், நாலு வரி.

எங்கள் தோட்டத்துக் கிணற்றின் மொத்த ஆழமே 70 அடி, அதாவது 21 மீட்டர் சொச்சம். ஐப்பசி மழை சரியாகப் பெய்தால் 30 அடியில் தண்ணீர் நிற்கும். குவாரி வரப்போகிற இடத்திலிருந்து எட்டிப்பார்த்தால் தெரிகிற கிணறு. அந்தக் கிணற்றைப் பாறைக்கு வெடி வைத்துத்தான் வெட்டினார்கள், பெரியப்பா அப்போது இளவட்டம், கூடவே இறங்கிக் கல் சுமந்தவர். எந்தப் பக்கத்துப் பாறை இடுக்கில் ஊத்து வருகிறது, பக்கத்தில் வெடி வைத்தால் ஒரு ஊத்து அடைத்துக்கொண்டு இன்னொன்று எப்படித் திறக்கும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை. எங்கள் கிணற்றுக்கு ஊத்து மேற்கே இருந்து வருகிறது. குவாரி மேற்கே.

இப்போது சொல்லுங்கள், அந்த நாலு வரி தமிழில் இருந்தால் அவருக்குப் புரிந்திருக்காதா? "62 மீட்டரா? வாங்க சார், ஒரு கயிறும் கல்லும் கொண்டாந்து எங்க கிணத்துல விட்டுப் பாக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் அந்த மேடையையே உட்கார வைத்திருப்பார். இந்தக் கூட்டமே அதற்காகத்தானே. ஆபீசில் உட்கார்ந்து எழுதிய கணக்கை மண்ணில் வாழ்கிறவன் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். சரிபார்க்கத் தெரிந்த ஒரே ஆளுக்குத் தெரியாத பாஷையில் கணக்கை எழுதி வைத்துவிட்டு, அவர் கத்தினார் என்று சிரிக்கிறோம்.

அறிக்கை எழுதுகிறவர்கள் எல்லாரும் நிபுணர்கள், தப்பு விடமாட்டார்கள் என்கிறவர்கள் ரத்னகிரி பாக்சைட் சுரங்க விவகாரத்தைத் தேடிப் படியுங்கள். அந்த அறிக்கையில் ரஷ்யாவில் உள்ள ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

அடுத்தது, "உங்க வீடு எதுல கட்டினது? ஜல்லி இல்லாம வானத்துல இருந்து வந்துச்சா?" இது எப்படியும் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. ஆமாம், 2018இல் கோயம்புத்தூரில் லோன் போட்டுக் கட்டினேன். ஜல்லி, எம் சாண்ட், எல்லாம் குவாரியில் இருந்து வந்ததுதான். எந்த ஊர்க் குவாரி என்று அப்போது நான் கேட்கவில்லை. எந்தக் கிணறு வற்றியது என்றும் கேட்கவில்லை. லோடு வந்ததா, அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் வீடு கட்டினவள் வாயே திறக்கக்கூடாது என்றால், சோறு தின்கிறவன் ரேஷன் அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்லக்கூடாது, பஸ்ஸில் போகிறவன் டிரைவர் தூங்குகிறான் என்று கத்தக்கூடாது. குவாரியே வேண்டாம் என்று யார் சொன்னது? பெரியப்பா சொன்னாரா? நான் சொன்னேனா? அறிக்கையைத் தமிழில் கொடு என்றோம். இதைக் கேட்க வீட்டை இடித்துவிட்டு வர வேண்டுமா?

வேலைவாய்ப்பு பற்றி: டிப்பர் டிரைவர்களும் இயந்திரம் ஓட்டுகிறவர்களும் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பக்கத்து ஊர்க் குவாரியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

2020 ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கு நேரத்தில் புதிய சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கை வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் கொடுத்துவிட்டு நாடு முழுக்கக் கருத்து கேட்டார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியில் டில்லி உயர் நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி உத்தரவு போட்டது, அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது நாம் எல்லாரும் எப்படிப் பொங்கினோம்! புரொஃபைல் படம் மாற்றினோம், ஹேஷ்டேக் போட்டோம், தமிழனுக்குத் தமிழில் சொல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். காமெடி மியூசிக் போட்ட அந்த இரண்டு பேரும் எழுதினார்கள், போய்ப் பார்த்தேன், அந்தப் பதிவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, ஒன்றில் என் லைக் கூட இருக்கிறது. டில்லியைப் பார்த்துத் தமிழில் கொடு என்றால் அது உரிமைப் போர். அதையே எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வேட்டி கட்டின கிழவர் கேட்டால் மீம்.

"கூட்டமாவது நடத்தினார்களே, அதற்குச் சந்தோஷப்படுங்கள்" என்றும் ஒரு குரல். உண்மைதான், சந்தோஷப்பட வேண்டிய காலம்தான் போலிருக்கிறது. எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று 2020 ஜனவரியிலேயே திருத்திவிட்டார்கள். தேனிப் பக்கம் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைச் சாதாரணக் கட்டடத் திட்டங்களின் பிரிவில் சேர்த்துக் கூட்டம் இல்லாமலே கடந்துபோகப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் விலக்கு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் கலந்த கடற்கரை மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் வைத்த கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனதே, இனி அந்தத் தொல்லையும் இல்லை. கூட்டம் வைத்தால் புரியாத பாஷையில் வைப்பது, புரிந்துகொண்டு கேட்டுவிட்டால் கூட்டத்தையே எடுத்துவிடுவது.

இதற்கு மேல் எழுதினால் அரசியல் என்பீர்கள். எழுதிவிட்டேன், சொல்லிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் திருமயம் பக்கம் சட்டவிரோதக் குவாரிகள் மேல் புகார் கொடுத்துக்கொண்டிருந்த ஜகபர் அலியை டிப்பர் ஏற்றிக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பெரியம்மா, பெரியப்பா சைக்கிளை எடுத்தால் வாசலிலேயே நிற்கிறார். வீடியோவைப் பார்த்து நீங்கள் சிரித்த அன்றைக்குப் பெரியம்மா சாப்பிடவில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதினதெல்லாம் பித்தலாட்டம். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் பெரியப்பா என் வாட்ஸப்புக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார். டவுனுக்குப் போய், ஆபீஸ் ஆபீசாக அலைந்து, யாரிடமோ சொல்லி வாங்கி அனுப்பியது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அம்மணி, இது பூராம் இங்கிலீசா இருக்குது. நேரங் கெடச்சா கொஞ்சம் படிச்சு, கெணத்தப் பத்தி என்ன போட்டிருக்கான்னு மட்டும் சொல்லு சாமி." சரிங்க பெரியப்பா என்று அனுப்பினேன். பிராக்டிகல் எக்ஸாம் நடந்துகொண்டிருந்தது, பையனுக்குக் காய்ச்சல், மறந்தே போய்விட்டது. அவரும் மறுபடி கேட்கவில்லை. மண்டபத்தில் அவர் தூக்கிக் காட்டியது அதே பிடிஎஃபைத்தான், டவுனில் முந்நூறு சொச்சம் பக்கமும் ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நேற்று ராத்திரி அந்த 144ஆம் பக்கத்தைத் தமிழில் எழுதி அவருக்கு அனுப்பினேன். மீட்டரை அடியாக மாற்றி, கீழே கோடு போட்டு. இரண்டு நீல டிக்கும் உடனே விழுந்துவிட்டது. பதில் வரவில்லை.