ஹெட்போனா, ஸ்பீக்கரா: அக்காள் மகனுக்கு ஒரு பதில்

போன மாதம் அக்காள் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். வரவேற்பறையில் இருக்கும் என் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் காலத்தில் யாராவது இதற்குக் காசு போடுவார்களா? 400 வெள்ளி (ரிங்கிட்) ஹெட்போனில் வரும் ஒலிக்கு ஸ்பீக்கரில் 3,000 வெள்ளி வேண்டும்" என்றான். வாயில் சோறு இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. ஹெட்போனுக்குள் இருக்கும் ஒலித்தகடு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம்தான். காதுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் கையளவு காற்றை அசைத்தால் அதன் வேலை முடிந்தது. ஸ்பீக்கர் அறைக் காற்றையே அசைக்க வேண்டும். ஒலி எழுப்பும் பெரிய கூம்பு, கனத்த பெட்டி, அதை இயக்க ஆம்ப்ளிஃபையர் என்று செலவு ஏறும். போதாததற்கு அறையும் குறுக்கே வரும். எங்கள் வரவேற்பறை 12 அடி நீளம். அந்த நீளத்தில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலி இரண்டு சுவர்களுக்கு இடையே சிக்கி முழங்கும். முதலில் பெட்டிகளைச் சாமி மேடைக்குப் பக்கத்தில், மூலையில் வைத்திருந்தேன். மூலை அந்த முழக்கத்தை இன்னும் ஊதிவிடும். தவில் கேட்டால் யாரோ எண்ணெய் டிரம்மை உருட்டுவது போல இருந்தது. ஒரு மாலை முழுவதும் இழுத்து இழுத்து வைத்துப் பார்த்து, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளிய பிறகுதான் தவிலின் இரண்டு முகங்களும், தொப்பி வேறு, வலந்தலை வேறு என்று காதில் பிரிந்தது. ஹெட்போனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

நானும் ஹெட்போன் வைத்திருப்பவன்தான். பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் செம்பனை ஆலையில் விடியற்காலை ஷிஃப்ட். இரவு பத்து மணிக்கு மேல் நான் ஸ்பீக்கரைத் திறந்தால் அவர் வீட்டுக்குப் பாட்டு போகாது, அதன் தாழ்ந்த அடியொலி மட்டும் சுவரைத் தாண்டிப் போகும். பாட்டாவது போனால் மன்னித்துவிடுவார். அதனால் இரவில் ஹெட்போன்தான். பின்கட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் அதேதான். அந்த இரைச்சலோடு மல்லுக்கட்ட எந்தப் பெட்டியாலும் முடியாது.

ஆனால் அவன் போட்ட கணக்கில் ஒரு ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் வீட்டில் அப்படி உட்காருபவர் யாரும் இல்லை. என் ஹெட்போன் வாரத்துக்கு மிஞ்சிப் போனால் நான்கு மணி நேரம் காதில் ஏறும். ஸ்பீக்கர் காலை ஆறு மணிக்கு மின்னல் எஃப்.எம். வானொலிச் செய்தியோடு தொடங்கிவிடும். அம்மா சமையலறை வாசலில் முக்காலி போட்டு நெத்திலித் தலை கிள்ளுவார். மனைவி துணி மடிப்பார். நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். மூன்று பேர், ஆறு காது. இதில் ஹெட்போனை யார் தலையில் மாட்டுவது?

இன்னொன்று. நாங்கள் அதிகம் கேட்பவை அம்மா காலத்துப் பாட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை மோனோ ஒலிப்பதிவு. இடம் வலம் என்ற பிரிவே கிடையாது. ஹெட்போனில் போட்டால் பாடுபவர் நம் தலைக்குள், உச்சிக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்கு அது கூச்சமாகவே இருக்கிறது. பின்னால் வந்த ஸ்டீரியோ பாட்டுகளையும் பெரும்பாலும் ஸ்பீக்கரில் கேட்டுத்தான் கலந்திருக்கிறார்கள். அறையில் வலப் பெட்டியின் ஒலி இடக் காதுக்கும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லை. வயலின் ஒரு காதில், கடம் மறு காதில் என்று தனித்தனியே தொங்கும். நுணுக்கம் கூடுதலாகக் கேட்கிறது என்பான் அவன். கேட்கிறது, மறுக்கவில்லை. பாடகர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கிறது. உறுமி மேளம் நெஞ்சில் இறங்குவதுதான் இல்லை.

இனி ஆயுளுக்கு வருகிறேன், என் மனத்தாங்கலே அங்கேதான். 420 வெள்ளி கொடுத்து வாங்கிய ஹெட்போன். இரண்டாம் ஆண்டு ஒரு நாள் அம்மா என் காதைத் துடைத்துவிட்டு, "என்னடா கரி?" என்றார். கரி இல்லை, காது மெத்தையின் செயற்கைத் தோல். நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் அது பொடிப்பொடியாக உரிந்து, காதோரம், சட்டைக் காலர், தலையணை உறை என்று எங்கும் கறுப்புச் செதிலாக ஒட்டுகிறது. அசிங்கம் ஒரு பக்கம். மெத்தை சரியாகப் படியாவிட்டால் அடியொலி ஓரமாகக் கசிந்து போய்விடும், மூக்குக் கண்ணாடிக் காம்பு கிளப்பும் இடைவெளியே போதும். புது மெத்தை 65 வெள்ளி. உள்ளே இருக்கும் பேட்டரியும் வயதாகி வருகிறது. முன்பு ஒரு சார்ஜுக்கு ஒரு வாரம் வந்தது, இப்போது மூன்று நாள் வந்தால் பெரிது.

ஸ்பீக்கர் ஜோடியை ஆம்ப்ளிஃபையரோடு 350 வெள்ளிக்குப் பழையதாக வாங்கிப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. இடையில் ஒரே ஒரு செலவு. கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையம் மட்கி, விரல் பட்டதும் உளுத்த ரொட்டி போல உதிர்ந்தது. பழுது பார்ப்பவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் வளையம் ஒட்டிக் கொடுத்தார், 80 வெள்ளி. அதன் பிறகு ஒரு வம்பும் இல்லை. பால்மரக் காட்டில் வளர்ந்தவன் ரப்பருக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம், அந்த வளையம் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான்.

செவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லும் அளவு, ஒலியின் வலு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகக் குறையும். ஸ்பீக்கரும் காதைக் கெடுக்கும்தான், ஆனால் அதை அளவு மீறித் திருகினால் அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும். ஹெட்போனுக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. அக்காள் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவன் காதிலிருந்த பாட்டின் பல்லவி எனக்கே புரிந்தது.

ஆகவே தம்பி, உன் அடுக்குமாடி அறைக்கு, தனி ஆளுக்கு, ஹெட்போன் சரி. நான்கு பேர் புழங்கும் வீட்டில் 400 வெள்ளிதான் இருக்கிறது என்றால் பழைய ஸ்பீக்கர்தான் என் கட்சி.

கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் அண்ணனிடம் இன்னொரு ஜோடி வந்திருக்கிறது. வலப் பெட்டியின் மூடுதுணி மட்டும் கிழிந்திருக்கிறது. 180 வெள்ளி சொல்கிறார், 150-க்கு இறங்குவார். வேண்டுபவர்கள் சனிக்கிழமைக்குள் போய்ப் பாருங்கள். விலை பேசும் முன் அந்த வளையத்தை ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள்.