மெல்போர்ன் பொருட்காட்சியும் அரசு நடத்திய இசைக்குழுவும்

விக்டோரியா மகாராணி காலத்துப் பொருட்காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நீராவி இயந்திரங்களையும் கம்பளிப் பொதிகளையும் தங்கக் கட்டிகளையும் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, இசையை ஒற்றை வரியில் கடந்துபோய்விடுவது வழக்கமாகிவிட்டது. வந்த கூட்டத்தின் கால்வலி தீர ஓரமாக ஒரு பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது என்பதுதான் அந்த வரி தரும் சித்திரம். 1888ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த நூற்றாண்டு சர்வதேசப் பொருட்காட்சியைப் பொறுத்தவரை இந்தச் சித்திரம் முழுத் தவறு. அங்கே இசை ஓரத்தில் இருக்கவில்லை. அந்தப் பொருட்காட்சிக்காக, மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா காலனியின் அரசு செய்த செலவுகளில் மிகச் சிறந்தது இசைக்காகச் செய்த செலவுதான் என்றும், பொருட்காட்சி முடிந்ததும் அதைக் கைகழுவியது அந்த அரசு செய்த பெரும் பிழை என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறியதன் நூறாம் ஆண்டைக் கொண்டாடத்தான் இந்த ஏற்பாடு. சிட்னி பொருட்காட்சியை ஏற்று நடத்த முன்வராததால் மெல்போர்ன் அதை எடுத்துக்கொண்டது. 1850களின் தங்கவேட்டையில் கொழித்து, 1880களில் நிலவிலை ஏற்றத்தில் மிதந்துகொண்டிருந்த ஊர் அது. கார்ல்டன் பூங்காவில் 1880ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டிய பெரிய கட்டடம் தயாராக இருந்தது. ஜோசப் ரீட் வடிவமைத்து, டேவிட் மிட்செல் என்ற ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்த மாளிகை. முந்தைய பொருட்காட்சியின் தொடக்க விழாவிலேயே, அதற்கென நடத்திய போட்டியில் பரிசு பெற்ற லியான் கரோனின் சேர்ந்திசைப் படைப்பு அங்கே அரங்கேறியிருந்தது. ஜார்ஜ் ஃபின்சம் என்ற உள்ளூர்க் கலைஞர் செய்த பிரம்மாண்டமான குழாய் ஆர்கனும் அங்கே நிறுவப்பட்டிருந்தது. எனவே 1888இல் இசையை எங்கே வைப்பது என்ற கேள்வி எழவில்லை. யாரை அழைப்பது என்பது மட்டுமே கேள்வி.

அவர்கள் அழைத்தது ஃபிரெடரிக் கோவன் என்ற இசை நடத்துநரை, அதாவது மேடையில் நின்று குழு முழுவதையும் வழிநடத்துபவரை. 1852இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று, லைப்சிக்கில் பயின்று, லண்டன் ஃபில்ஹார்மானிக் சங்கத்தின் இசை நடத்துநர் பொறுப்பில் ஆர்தர் சல்லிவனுக்கு அடுத்து வந்து அமர்ந்தவர். ஆறு மாத வேலைக்கு அவருக்குப் பேசப்பட்ட ஊதியம் 5,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஃபிரான்சிஸ் ஆர்மண்ட் என்ற செல்வந்தர், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கையை நிரந்தரமாக நிறுவுவதற்கு அதே காலத்தில் கொடுத்த நன்கொடை 20,000 பவுண்டு. ஓர் இருக்கையை என்றென்றைக்கும் நடத்தப் போதும் என்று கருதப்பட்ட நிதியில் கால் பங்கை ஒரு மனிதருக்கு ஆறே மாதத்தில் கொடுத்தார்கள். இது அன்றே முணுமுணுப்பைக் கிளப்பியதில் வியப்பில்லை. எனக்கும் அந்தத் தொகை அதிகம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் விவாதத்தை அந்த ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அந்தப் பணத்தைச் சுற்றி எழுந்த முழு ஏற்பாட்டையும் காணத் தவறுகிறார்கள்.

அந்த ஏற்பாடு இதுதான். 73 பேர் கொண்ட ஓர் இசைக்குழு திரட்டப்பட்டது. அவர்களில் முக்கிய வாத்தியங்களுக்கான 15 பேரைக் கோவன் இங்கிலாந்திலிருந்து தம்மோடு அழைத்து வந்தார். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள், நாடகக் கொட்டகைகளிலும் நடன விருந்துகளிலும் வாசித்துப் பிழைத்தவர்கள். இவர்களோடு 708 குரல்கள் கொண்ட ஒரு பாடகர் குழு. இசைக்குழுவினருக்கு ஆறு மாதத்துக்கும் ஒரே வேலை, தொடர்ந்த ஊதியம், ஒரே நடத்துநர், ஒரே மேடை. 1888 ஆகஸ்ட் 1ஆம் தேதி கோவன் இந்த விழாவுக்கென்றே எழுதிய நன்றிப் பாடலுடன் தொடங்கி 1889 ஜனவரி இறுதிவரை இருநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை அவர்கள் வாசித்தார்கள்.

தொடர்ந்த ஊதியம் என்பதைப் படிக்கிறவர்கள் எளிதில் தாண்டிவிடக்கூடாது. மேற்கத்திய இசைக்குழு என்பது தனித்தனியே திறமைசாலிகளான எழுபது பேரை ஓர் அறையில் உட்காரவைப்பதால் உருவாகிவிடுவதில்லை. ஓபோ என்ற ஊதுகருவியை வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று பக்கத்தில் கிளாரினெட் என்ற இன்னொரு ஊதுகருவியை வாசிப்பவருக்குப் பழகியிருக்க வேண்டும். வயலின்காரர்கள் அத்தனை பேரின் வில்லும் ஒரே திசையில், ஒரே எடையில் நகர வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிற குழுவுக்கு இது கைவராது. மெல்போர்னில் 1853 முதலே ஃபில்ஹார்மானிக் சங்கம் இருந்தது, ஜெர்மன் முறையிலான ஆண்கள் பாடகர் சங்கங்கள் இருந்தன, ஓபெரா என்ற இசை நாடகங்களை நடத்தும் இத்தாலிய நிறுவனங்களும் வந்துபோயின. இசையார்வத்துக்குக் குறைவே இல்லை. இல்லாதது அன்றாடம் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் ஒரு குழு மட்டும்தான். அந்தக் குறையைத்தான் அரசின் பணம் நிரப்பியது. தனியார் யாரும் அதைச் செய்திருக்க முடியாது.

கேட்டவர்கள் பக்கம் நடந்ததும் இதே அளவு முக்கியமானது. பொருட்காட்சிக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 20 லட்சம். அன்றைய விக்டோரியா காலனியின் மக்கள்தொகையே 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். மின்விளக்குகள் போடப்பட்டிருந்ததால் இரவிலும் அரங்கைத் திறந்துவைக்க முடிந்தது, வேலை முடிந்தபின் மாலையில் வர முடிந்தது. பியானோ விலை பார்க்க வந்தவர்களும், ஓவியக்கூடத்தையும் மீன் காட்சிச் சாலையையும் சுற்றிக் களைத்தவர்களும் ஒரே கூரையின்கீழ் ஜெர்மன் இசைமேதை பீத்தோவனின் படைப்புகளைக் கேட்கக்கூடிய நிலை இருந்தது. அந்த ஆறு மாதத்தில் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளும், அதாவது முழு இசைக்குழுவுக்கென்று பல பகுதிகளாக எழுதிய நீண்ட படைப்புகளும், வாசிக்கப்பட்டன. ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ், வாக்னர் என்று நிகழ்ச்சி நிரல் விரிந்துகொண்டே போனது. முக்கியமான படைப்புகள் ஒருமுறையோடு நிற்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன. முதல் தடவையில் ஓசையாக மட்டும் கேட்டது மூன்றாம் தடவையில் இசையாகக் கேட்கத் தொடங்குகிறது என்பதை இசை கேட்டுப் பழகிய எவரும் அறிவர். பெரிய மேதைகளை ஒரு நாள் வரவழைத்து மாலை போட்டு அனுப்புவதைவிட, நல்ல குழு ஒன்று அதே படைப்பை அதே ஊர் மக்களுக்கு ஐந்தாறு முறை வாசிப்பதுதான் ரசனையை வளர்க்கும் என்பதற்கு மெல்போர்னைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுள் மக்கள் மனத்தில் முதலிடம் பிடித்தது பீத்தோவனின் ஆறாம் சிம்பொனி, நாட்டுப்புறச் சிம்பொனி என்று அழைக்கப்படுவது. இரண்டாம் பகுதியில் ஓடைக்கரையை வருணித்துக்கொண்டே வரும் வயலின்கள் முடிவுக்குச் சற்று முன் அடங்கிவிடுகின்றன. அந்த அமைதியில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், இரண்டு கிளாரினெட்டுகள் குக்கூப் பறவையாகவும் கூவுகின்றன. நான்காம் பகுதியில்தான் முரசுகள் முதன்முதலாக இடியாக இறங்குகின்றன. அதுவரை முரசுக்காரர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்கும் பழக்கம் சிறிதும் இல்லாத ஒருவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போகிற படைப்பு இது, ஆகவே அது வென்றதில் புதிரில்லை. எனினும் அந்த அரங்கில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். இங்கிலாந்தின் கிராமங்களில் பிறந்து கப்பலேறி வந்தவர்களுக்கு அந்தப் பறவைக் குரல்கள் விட்டுவந்த ஊரின் குரல்கள். அவர்களோடு வந்த பிள்ளைகளோ விக்டோரியாவில் பிறந்தவர்கள், ஆஸ்திரேலியப் பறவைகளான மேக்பையின் பாட்டையும் கூக்கபராவின் சிரிப்பையும் கேட்டு வளர்ந்தவர்கள், நைட்டிங்கேலை ஒருநாளும் கேட்டிராதவர்கள். ஒரே இசை, தாய் தகப்பனுக்கு நினைவாகவும் பிள்ளைகளுக்குக் கற்பனையாகவும் ஒலித்திருக்கும். குடியேறிய எந்தச் சமூகத்துக்கும் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும், மெல்போர்னின் சபாக்களில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து காவேரியைப் பற்றிய கீர்த்தனை கேட்கிற நம்மவர்கள் உட்பட.

பாடகர் குழுவின் 708 பேரும் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். அலுவல் முடிந்து ஒத்திகைக்கு வந்து, ஹாண்டலையும் மெண்டல்சனையும் பாடிய உள்ளூர் ஆர்வலர்கள். பொருட்காட்சியின் மற்றக் கூடங்களில் மக்கள் வெறும் பார்வையாளர்கள், விலைச்சீட்டு ஒட்டிய பொருள்களின் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள். இங்கே மட்டும் அவர்களே மேடையில் நின்றார்கள்.

இந்த ஏற்பாட்டின் மீது சொல்லப்படும் கண்டனத்தில் நியாயமான பகுதியும் உண்டு. நடத்துநர் லண்டனிலிருந்து, முதன்மைக் கலைஞர்கள் லண்டனிலிருந்து, வாசித்தவை ஐரோப்பாவிலிருந்து. தாய்நாட்டின் நிழலாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் காலனியின் தவிப்பு அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. கட்டடத்தைக் கட்டிய டேவிட் மிட்செலின் மகள் ஹெலன் 1886இல் ஐரோப்பா சென்று, நெல்லி மெல்பா என்ற பெயரில் 1887இல் பிரஸ்ஸல்ஸில் அரங்கேறி, பொருட்காட்சி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1888 மே மாதத்தில், லண்டன் கோவெண்ட் கார்டன் ஓபெரா அரங்கில் பாடத் தொடங்கியிருந்தார். மெல்போர்னின் மிகச் சிறந்த குரல் லண்டனுக்குப் போய்விட, மெல்போர்ன் லண்டனுக்குப் பணம் அனுப்பி இசை வரவழைத்துக்கொண்டிருந்தது. மெல்பா தாயகம் திரும்பிப் பாட 1902 ஆகிவிட்டது.

அதைவிட ஆழமான குறை வேறொன்று. அந்தக் கட்டடம் நிற்கும் மண் வுருண்ட்ஜெரி என்ற தொல்குடி மக்களின் மண். எந்த நூறு ஆண்டுகளைக் கொண்டாட 708 பேர் எழுந்து நன்றிப் பாடல் பாடினார்களோ, அந்த நூறு ஆண்டுகளில்தான் இந்தக் கண்டத்தின் தொல்குடிகள் நிலத்தை இழந்தார்கள். பொருட்காட்சிக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1886இல், இதே விக்டோரியா அரசு ஒரு சட்டம் இயற்றி, வெள்ளையர் கலப்பு வழி வந்த தொல்குடி இளைஞர்களை அவர்களுடைய குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றியது. மெல்போர்னுக்கு அருகிலிருந்த கொரண்டர்க் குடியிருப்பில் குடும்பங்கள் பிரிந்தன. பல்லாயிரம் ஆண்டுப் பாடல் மரபு கொண்ட அந்த மக்களின் இசையைக் கோவனின் மேடைக்குரிய இசையாக எண்ணிப் பார்க்கும் மனம் அன்றைய ஆட்சியாளர்களிடம் இல்லை. பீத்தோவனைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொல்வது அரைக்கதையாகிவிடும். ஆனால் இந்தக் குறைக்கு விடை, அந்த மேடையில் இன்னும் பல குரல்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே தவிர, மேடையே தேவையில்லை என்பதாகாது. மேடையைக் கலைத்தவர்கள் தொல்குடிகளுக்கு நியாயம் செய்வதற்காக அதைக் கலைக்கவில்லை, கணக்கை மூடுவதற்காகக் கலைத்தார்கள்.

அந்தக் கலைப்பைப் பற்றித்தான் எனக்குத் தீராத வருத்தம். பொருட்காட்சியின் மொத்தச் செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியிருந்ததால், முடிந்த மறுநாளிலிருந்தே சிக்கனக் குரல்கள் எழுந்தன. கோவன் லண்டன் திரும்பினார். அவருடன் வந்த கலைஞர்களில் சிலர் இங்கேயே தங்கினார்கள். மக்கள் ஆர்வம் முற்றிலும் ஆறிவிடாததால், ஹாமில்டன் கிளார்க் என்ற ஆங்கில இசை நடத்துநரின் தலைமையில் விக்டோரியன் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் ஒரு குழு 1889இல் அமைந்தது. 1891க்குள் அதுவும் கலைந்துவிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வங்கிகள் விழுந்து, நிலவிலை சரிந்து, ஊரே ஒடுங்கிப்போனது உண்மைதான், ஆனால் இசைக்குழு கலைந்தது அந்தப் பெருஞ்சரிவு உச்சத்தைத் தொடுமுன்பே. பணமில்லாததால் போயிற்று என்ற விளக்கத்தை ஆகவே நான் முழுதாக ஏற்கவில்லை. விழாச் செலவாக எழுதப்பட்ட ஒன்றை ஆண்டுச் செலவாக எழுத யாருக்கும் மனம் வரவில்லை என்பதே என் முடிவு. நூலகத்தையும் ஓவியக்கூடத்தையும் ஆண்டுதோறும் நடத்த வேண்டியவை என்று ஏற்றுக்கொண்ட அதே அரசு, இசைக்குழுவை மட்டும் பந்தல் பிரிக்கும்போது சேர்த்துப் பிரிக்க வேண்டிய பொருளாகக் கருதியது.

விதைத்தது வீணாகவில்லை என்பதற்கு அடுத்த அத்தியாயம் சாட்சி. ஆர்மண்ட் நன்கொடையில் உருவான இருக்கைக்கு முதல் பேராசிரியராக 1891இல் வந்த ஜார்ஜ் மார்ஷல்-ஹால், 1892இல் தம் பெயரிலேயே ஓர் இசைக்குழுவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். பொருளாதாரம் அடியோடு சாய்ந்திருந்த காலத்தில் அதற்குக் கேட்போர் கிடைத்தார்கள் என்றால், அவர்களை உருவாக்கியதில் 1888இன் ஆறு மாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அரசு தோள் கொடுத்திருந்தால் ஒரு தனிமனிதர் சுமக்க வேண்டியிராத சுமை அது.

கார்ல்டன் பூங்காவிலுள்ள அந்தக் கட்டடம் இன்றும் நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றம் 1901 மே 9ஆம் தேதி அங்கே திறக்கப்பட்டது என்பதையும், 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் சுற்றிக்காட்டுவோர் சொல்லத் தவறுவதில்லை. மெல்போர்ன் நண்பர்களிடமும், கலைக்கான பொதுநிதி பற்றி முடிவெடுக்கும் இடங்களில் இருப்பவர்களிடமும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். 1888ஆம் ஆண்டின் ஒரு மாலை நிகழ்ச்சி நிரலை அப்படியே எடுத்து, முற்பகுதியில் வுருண்ட்ஜெரி கலைஞர்கள் தாங்கள் விரும்பும் இசையைத் தங்கள் முறையில் வழங்க, பிற்பகுதியில் நாட்டுப்புறச் சிம்பொனி ஒலிக்க, அதே அரங்கில், பொதுப்பணத்தில், யாரும் வாங்கக்கூடிய கட்டணத்தில் நடத்துங்கள். ஒரு நாளோடு நிறுத்தாமல், ஒரு பருவம் முழுவதும் நடத்துங்கள்.