உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில்?

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியும் நேரம் வந்தாலே கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழு சூடாகிவிடும். யாராவது ஒரு அம்மா பள்ளி வேனைப் பற்றித்தான் கேட்டிருப்பார், பத்தே நிமிடத்தில் "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதவன் தமிழனே இல்லை" என்று வந்து விழும். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்துவிட்டு மேடையில் நல்ல தமிழ் பேசுகிறவரைக் காட்டினால், அவர் "உண்மையான" தமிழர் இல்லையாம்! எதைக் காட்டினாலும் அளவுகோலையே மாற்றிக்கொண்டால் அப்புறம் வாதாடுகிறவர் எப்போது தோற்பது?

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. தமிழ்ப்பள்ளி என்றால் மலாய் வராது, வராவிட்டால் இடைநிலைப் பள்ளிக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, பிறகு பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். போச்சு, வேலையும் போச்சு. ஏழு வயதுப் பிள்ளையை நாலே வரியில் நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளி பக்கம் நிற்பவர்கள் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை எடுத்து விடுவார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் பழமை நல்ல பள்ளிக்கும் இருக்கும், மோசமான பள்ளிக்கும் இருக்கும். இப்படி இரண்டு பக்கமும் சாயும் காரணத்தை மணிமேகலையின் 29ஆம் காதையிலேயே அநைகாந்திகம் என்று சொல்லி, போலிக் காரணங்களோடு சேர்த்தாயிற்று. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அப்படித்தான். தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணில்லை என்பது அதன் முடிவு, உங்கள் வட்டாரப் பள்ளியில் கணிதம் எப்படி என்பதற்கு அதில் பதில் இருக்காது.

நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம் ஒரு பெரியவர் "இத்தனை வருசம் சமூகத்துக்கு உழைத்தவன் சொல்கிறேன், தமிழ்ப்பள்ளிக்கு நம்பி அனுப்புங்கள்" என்று எழுதினார். "ஐயா, உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். தனிநபர் தாக்குதல் என்று அட்மின் அந்தத் தம்பியைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரிடம் கிளறிவிடும் உணர்ச்சி, எடுத்து வைக்கும் காரணம் என்று ஆளை இணங்க வைக்க மூன்று வழிகளை அரிஸ்டாட்டில் சொன்னார். பெரியவர் காரணமே சொல்லவில்லையே, தன் பேரைத்தானே அடமானம் வைத்தார்? அப்போது அந்தப் பேரை உரசிப் பார்ப்பதில் என்ன தப்பு? அதே பெரியவர், வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியும் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அவர் பிள்ளை லண்டனில் படித்திருந்தாலும் அந்தக் காரணம் அப்படியே நிற்கும், தம்பியின் கேள்விக்கு அங்கே வேலையில்லை.