சைப்ரஸ் மரம் இல்லையென்றால் பிளமெங்கோ கிதார் போலியா?

"பின்பலகையும் பக்கங்களும் சைப்ரஸ் மரமாக இருந்தால்தான் அசல் பிளமெங்கோ கிதார், ரோஸ்வுட் என்றால் ஏமாற்று" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பிளமெங்கோ ஸ்பெயின் நாட்டு இசை வகை. அங்கே அதற்கான கிதாரை சைப்ரஸில் செய்தால் பிளாங்கா என்பார்கள், ரோஸ்வுட்டில் செய்தால் நெக்ரா என்பார்கள். இரண்டுமே அசல்தான். புகழ்பெற்ற பிளமெங்கோ கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியாவே நெக்ரா வாசித்தவர்.

உண்மையில் ஏமாறுவது மேல்பலகையில். ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பின் தடிமனிலும் அப்படியே இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். அப்புறம், விரலால் தட்டும் இடத்தில் மெல்லிய காப்புத் தகடு ஒட்டியிருக்கிறதா, தந்திகள் தாழ்வாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

'பிரேசிலியன் ரோஸ்வுட்' என்று சொல்லி விலையை ஏற்றினால், வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது சைட்டஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) ஆவணத்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் கடும் கட்டுப்பாடு இருக்கிறது.