ரங்கூன் மல்லியின் மூன்று நிறம் ஒட்டுப் போட்டதால் அல்ல

ரங்கூன் மல்லியின் ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என மூன்று நிறப் பூக்கள் இருப்பது மூன்று செடிகளை ஒட்டுப் போட்டதால்தான் என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. செடி ஒன்றுதான், பூவின் வயதுக்கேற்ப நிறம் மாறுகிறது. அந்தி நேரத்தில் வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி, மூன்றாம் நாள் வாக்கில் நன்றாகச் சிவந்துவிடும். வெள்ளையாக இருக்கும் முதல் இரவில், நீண்ட பூங்குழாயின் அடியில் உள்ள தேனுக்காக நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் வரும். நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். வெப்பமண்டல ஆசியாவின் இந்தப் புதர்க்கொடியில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

சரிபார்ப்பது சுலபம். மாலையில் விரியப்போகும் ஒரு மொட்டில் தளர்வாக நூல் கட்டிவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாளும் அதே பூவைப் பாருங்கள். பொறுமை இருந்தால் ஒரே ஒரு குச்சியை வெட்டி நட்டு வளர்த்துப் பாருங்கள், அதிலும் மூன்று நிறமும் வரும்.