தவளைக் கருவில் செல்களின் தலையெழுத்து முதலிலேயே எழுதப்பட்டதா?

"தவளைக் கருவில் எந்தச் செல் தோலாகும், எது தசையாகும் என்பது டிஎன்ஏவில் முன்பே எழுதியிருக்கிறது, செல்கள் ஒன்றையொன்று கேட்பதே இல்லை" என்றொரு தகவல் பகிரப்படுகிறது. இது தவறு. எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். அப்புறம் வேறுபாடு எங்கிருந்து வரும்?

நெதர்லாந்து உயிரியலாளர் பீட்டர் நியூகூப் 1969-இல், தவளைக்கு உறவான ஆக்சோலாட்டல் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் கருவில் இதைச் சோதித்தார். சில ஆண்டுகளில் ஆப்பிரிக்க நகத் தவளையிலும் அதையே கண்டார்கள். கருவின் மேல்தொப்பியை, அதாவது உச்சியில் இருக்கும் செல்களை, வெட்டித் தனியே வளர்த்தால் தோல் போன்ற திசு மட்டுமே வரும். அதே தொப்பியை மஞ்சள்கரு நிறைந்த அடிப்பகுதிச் செல்களோடு ஒட்டி வைத்தால், தொப்பியிலிருந்தே தசையும், முதுகுநாண் என்ற கருவின் முதுகைத் தாங்கும் தண்டும் உருவாகின்றன. அதாவது தசையையும் முதுகுநாணையும் தரும் நடு அடுக்கு, கீழிருந்து வரும் சமிக்ஞையால் பிறக்கிறது.

அந்தச் சமிக்ஞை, முக்கியமாக நோடல் வகைப் புரதங்கள். அளவும் முக்கியம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டிவின் என்ற புரதம் குறைவாக இருந்தால் தோல், கூடினால் தசை, இன்னும் கூடினால் முதுகுநாண் என்று செல்கள் மாறுவதை 1990 வாக்கில் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜிம் ஸ்மித் குழுவினர் காட்டினார்கள். நரம்புத் திசுவின் கதை தலைகீழ்: பிஎம்பி என்ற சமிக்ஞையை நோகின், கார்டின் புரதங்கள் தடுக்கும் இடத்தில்தான் தோலுக்குப் பதில் நரம்பு வருகிறது.

சரி, அந்தத் தகவலில் துளிகூட உண்மை இல்லையா? கொஞ்சம் உண்டு. வெஜ்டி என்ற ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறை) தாய்த் தவளை முட்டையின் அடியில் முன்பே வைத்துவிடுகிறது. அதை நீக்கினால் குடலைத் தரும் அடுக்கு சரியாக உருவாவதில்லை. மேல் செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் வேலையும் கெடுகிறது.