பீரோவை மட்டும் கேக்காதீங்கண்ணே

விக்கி: அண்ணே, முடிவு பண்ணிட்டேன். ரூம்ல பாட்டு மிக்ஸ் பண்ண ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர், எட்டு இன்ச். கருப்பா வெள்ளையான்னு மட்டும் சொல்லுங்க.

சேகர்: ரூம் எவ்வளவு?

விக்கி: வாடகையாண்ணே?

சேகர்: அளவுடா.

விக்கி: பத்துக்குப் பத்து.

சேகர்: உயரம்?

விக்கி: அதுவும் பத்துதான். ஏன், ஸ்பீக்கரை மேல தொங்கவிடப் போறமா?

சேகர்: நீளம் பத்து, அகலம் பத்து, உயரம் பத்து. மிக்ஸிங்குக்கு, அதான் குரலையும் கருவிகளையும் அளவு பாத்துச் சேக்கிற வேலைக்கு, இதைவிட மோசமா ஒரு ரூம் வேணும்னா ஆர்டர் குடுத்துத்தான் கட்டணும். பத்தடி இடைவெளியில ரெண்டு சுவர் எதிரெதிரா நின்னா, ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 56 தடவை அதிர்ற கனத்த பேஸ் சத்தம், அதுக்குள்ளேயே மாட்டிக்கும். உனக்கு நாலு சுவரு, தரை, கூரை எல்லாமே அதே 56. பேஸ் கிட்டார்ல ஏ கம்பியை சும்மா தட்டினா 55. அந்த ஒரு சுரம் மட்டும் சொல்லாம வந்த விருந்தாளி மாதிரி ரூம்லயே தங்கிடும்.

விக்கி: நல்லதுதானே? காசு குடுக்காமயே பேஸ் கிடைக்குது.

சேகர்: சுவரோரமா உக்காந்தா கிடைக்கும். நட்டநடுவுல உக்காந்தா அதே சுரம் காணாமப் போயிடும். நீ எங்க உக்காருற?

விக்கி: நட்டநடுவுல. அங்கதான் ஃபேன் காத்து வரும்.

சேகர்: அதான் விஷயம். காதுல விழலை விழலைன்னு பேஸை ஏத்திக்கிட்டே போயிருக்க. உன் பாட்டை ஷேர் ஆட்டோல போட்டுக் காட்டினேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கி டயரைப் பாத்தாரு.

விக்கி: அதுக்குத்தாண்ணே எட்டு இன்ச். பேஸ் ஒழுங்கா கேட்டுட்டா நான் ஏன் ஏத்தப் போறேன்?

சேகர்: நீ சொல்ற எட்டு இன்ச்சுல யமஹா எச்எஸ்8 கீழ 38 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். அதோட அஞ்சு இன்ச் தம்பி எச்எஸ்5, 54லயே நிப்பாட்டிக்கும். உன் ரூம்ல 56லயே அடிதடி. நீ 38 வரைக்கும் ஆள் அனுப்பி என்ன பண்ணப் போற?

விக்கி: நாலு வீடியோ பாத்தேண்ணே. நாலு பேரும் எட்டு இன்ச்தான் சூப்பரா கேக்குதுங்கிறாங்க. எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு.

சேகர்: எதுல கேட்ட?

விக்கி: போன்ல.

சேகர்: அப்ப நல்லா இருந்தது உன் போன்டா.

விக்கி: சரி விடுங்க. அஞ்சு இன்ச்சே இருக்கட்டும். ஆனா வாங்கினா பாட்டு நல்லா கேக்கணும்.

சேகர்: நல்லா கேக்கக் கூடாது.

விக்கி: என்னண்ணே சொல்றீங்க?

சேகர்: உன் பாட்டுல இருக்கிற ஓட்டை உடைசல் அத்தனையும் கேக்கணும். அதுக்குத்தான் மானிட்டர்.

விக்கி: கையில இருக்கிறதே இருபத்தஞ்சாயிரம். அதைக் குடுத்து, என் பாட்டு நல்லா இல்லைன்னு சொல்ற டப்பாவை வாங்கிட்டு வரணுமா? வீட்ல தங்கச்சி அதை ஓசியிலயே சொல்லுது.

சேகர்: தங்கச்சி பாட்டு நல்லா இல்லைன்னு சொல்லும். இது 300 ஹெர்ட்ஸ்ல சேறு, 3 கிலோஹெர்ட்ஸ்ல குத்தல்னு எடம் காட்டும். யமஹா என்எஸ்10னு ஒரு வெள்ளைக் கோன் ஸ்பீக்கர். 1978ல வீட்டுல பாட்டு கேக்கத்தான் கொண்டுவந்தாங்க. வீட்டுக்காரங்க யாரும் சீண்டலை. ஸ்டுடியோக்காரங்க தூக்கி டெஸ்க் மேல வச்சுக்கிட்டாங்க. ட்வீட்டர், அதான் கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், கத்துதுன்னு மேல டிஷ்யூ பேப்பர்கூட ஒட்டி வச்சு வேலை பாத்தாங்க. 2001ல தயாரிப்பையே நிறுத்தியாச்சு, இன்னமும் ஸ்டுடியோவுல அதைத் தேடிப் பிடிச்சு வச்சிருக்காங்க. அதுல நல்லா கேக்க வச்சுட்டா எதுலயும் நல்லா கேக்கும்னு ஒரு நம்பிக்கை.

விக்கி: டிஷ்யூ பேப்பர் நாமளும் ஒட்டணுமா?

சேகர்: வேணாம். உன் பட்ஜெட்டுக்கு வருவோம். கடையில எழுதியிருக்கிற விலை ஜோடிக்கா ஒண்ணுக்கான்னு மொதல்ல கேளு. எச்எஸ்5, ஜேபிஎல் 305பி இதெல்லாம் பெரும்பாலும் ஒத்தையாத்தான் விலை போட்டிருப்பாங்க.

விக்கி: ஓ. நான் ரெண்டுக்கும் சேத்துன்னு நெனச்சேன். அப்ப இப்போதைக்கு ஒண்ணு வாங்கிக்கிறேன், இன்னொண்ணு தீபாவளிக்கு.

சேகர்: இடது காதுக்கு இப்ப, வலது காதுக்குத் தீபாவளியா? அதுக்குச் சின்ன ஜோடியே மேல். ப்ரீசோனஸ் எரிஸ் மூணரை இன்ச், ஜோடியா ஒரே டப்பாவுல வரும். ஒண்ணுலதான் ஆம்ப், அதான் ஆம்ப்ளிஃபயர், இருக்கும், இன்னொண்ணுக்கு ஸ்பீக்கர் ஒயர் போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதையும் எதிர்பாக்காத. கிக் டிரம்மோட அடிவயிறு அதுல தெரியாது. அதை ஹெட்போன்ல பாத்துக்கணும்.

விக்கி: வாட்ஸ் எவ்வளவுண்ணே? எங்க தெருமுனைக் கடையில 5,000 வாட்ஸ்னு ஒண்ணு இருக்கு. ப்ளூடூத், எஃப்எம், ரிமோட், கலர் லைட்டு எல்லாம் சேத்து நாலாயிரம்தான்.

சேகர்: 5,000 வாட்ஸை உன் வீட்டு 5 ஆம்பியர் பிளக்கு தாங்குமான்னு அந்தக் கடைக்காரரையே கேட்டுட்டு வா. எச்எஸ்5ல மொத்தமே 70 வாட்ஸ். பேஸ் தர்ற பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்கு 45, ட்வீட்டருக்கு 25, தனித்தனி ஆம்ப். மூணடி தூரத்துல உக்காந்து கேக்க அதுவே மிச்சம். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினாக்கூட 3 டெசிபல்தான் ஏறும்.

விக்கி: அண்ணே, உண்மையைச் சொல்றேன். ஃப்ரெண்டுகிட்ட ஒரு மானிட்டரைக் கடன் வாங்கி வீட்ல போட்டுப் பாத்துட்டேன். அது கெட்டுப் போன பீஸு. மியூசிக் வருது, பாடுற குரல் மட்டும் வரலை.

சேகர்: போன்ல இருந்து ஒயர் போட்டியா?

விக்கி: ஆமா. ஒரு பக்கம் சின்ன பின்னு, மறுபக்கம் பெரிய பின்னு. ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு கருப்பு வளையம்.

சேகர்: அதான். போன் அந்த ஒயர்ல இடதையும் வலதையும் அனுப்புது. மானிட்டரோட பேலன்ஸ்டு இன்புட் ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சுடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற குரல், கிக், பேஸ் மொத்தமும் காலி. ஓரத்துல இருக்கிற ரிவர்ப் எதிரொலியும் கிட்டாரும்தான் மிஞ்சும். ஸ்பீக்கர் நல்லா இருக்கு, ஒயர்தான் தப்பு. லேப்டாப்ல மாட்டுற ஆடியோ இன்டர்ஃபேஸ் டப்பாவுல இருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா, ரெண்டு பக்கமும் பெரிய பின்னு இருக்கிற டிஆர்எஸ் ஒயர் போடணும்.

விக்கி: குரல் இல்லாமயே நல்லாத்தாண்ணே இருந்துச்சு.

சேகர்: பாடினது யாரு?

விக்கி: நான்தான்.

சேகர்: அப்ப அந்த ஒயரைத் தூக்கிப் போட்றாத.

விக்கி: இன்னொரு கம்ப்ளைன்ட்டும் இருக்கு. ஒரு நோட்டு வரும்போது மட்டும் கர்ர்ருன்னு ஒரு சத்தம். ஊஃபர் கிழிஞ்சிருக்குமோ?

சேகர்: ரூம்ல வேற என்னென்ன இருக்கு?

விக்கி: கட்டில், டேபிள், இடது பக்கம் அம்மாவோட இரும்பு பீரோ. அது மேல அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர்வரிசைப் பாத்திரம். பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம், உள்ள ஒரு டஜன் டம்ளர்.

சேகர்: ஊஃபர் கிழியலை. உங்கம்மா சீர்வரிசை கூடச் சேந்து வாசிக்குது.

விக்கி: அப்படியா?

சேகர்: 20ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏர்ற சைன் டோன், அதான் விசில் மாதிரி ஒத்தைச் சத்தம், ஒண்ணு போடு. எங்க கர்ருங்குதோ அந்த எடத்துல நிறுத்திட்டு, ஒவ்வொரு பொருளாக் கையால அழுத்திப் பாரு. எதைத் தொட்டதும் சத்தம் நிக்குதோ அதுதான் ஆளு. குடத்துல துணியைத் திணி, அண்டாவுக்கு அடியில சாக்கு போடு. அதைவிட, பீரோவையே அந்த ரூம்ல இருந்து நகத்திடு.

விக்கி: அது மட்டும் முடியாதுண்ணே.

சேகர்: ஏன்?

விக்கி: கன்னி மூலை. வாஸ்து பாத்து வச்சது. வடக்கு பாத்துத் திறக்குது.

சேகர்: சரி, பீரோ இருக்கட்டும். டேபிளைத் திருப்பு. எதிர்ச் சுவரைப் பாத்து உக்காரு. பீரோ முதுகுப் பக்கம் போயிடும்.

விக்கி: பீரோ கதவு திறக்க நாற்காலியை நகத்தணுமே. அம்மா திட்டும்.

சேகர்: சரி. டேபிளை அப்படியே வச்சுக்க. ஆனா இடது ஸ்பீக்கர் சத்தம் அந்த இரும்புக் கதவுல பட்டுத் தெறிக்கும், வலது பக்கம் ஜன்னல் வழியா வெளிய போயிடும். நடுவுல இருக்க வேண்டிய குரல் பீரோ பக்கமாச் சாயும். கதவு மேல கனமான ரஜாய் ஒண்ணு தொங்கவிடு.

விக்கி: உள்ள நகை இருக்குண்ணே. அம்மா ராத்திரி ரெண்டு வாட்டி பூட்டை இழுத்துப் பாக்கும். பூட்டு தெரியணும்.

சேகர்: இருபத்தஞ்சாயிரத்துக்கு ஸ்பீக்கர் மாத்துவ, சாஃப்ட்வேர் மாத்துவ, லேப்டாப் மாத்துவ. பீரோவை ரெண்டடி மாத்த மாட்ட.

விக்கி: அதான் முட்டை அட்டை ஒட்டிட்டேனேண்ணே. பிரியாணிக் கடையில சொல்லி வச்சு நூறு அட்டை வாங்கினேன். நாலு சுவரும் முடிஞ்சுது.

சேகர்: பேஸுக்கு முட்டை அட்டை இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். கரப்பானுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்க. கொஞ்சம் செலவு பண்ணலாம்னா ராக்வூல் ஸ்லாப் வாங்கு, கல்லை உருக்கிப் பஞ்சாக்கின பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, நாலு இன்ச் கனம். துணி சுத்தி மரச்சட்டத்துல போட்டு மூலையில நிறுத்து. அது வரைக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா சுருட்டி மூலையில நிறுத்து. பேஸை முழுசா அடக்காது, ஆனா மிச்ச எதிரொலியையாவது கொஞ்சம் குடிக்கும்.

விக்கி: எந்த மூலையிலண்ணே?

சேகர்: கன்னி மூலை தவிர மிச்ச மூணும்.

விக்கி: நக்கல்தானே இது?

சேகர்: பாதி. இப்பக் கவனமாக் கேளு. டேபிளுக்குப் பின்னாடி இருக்கிற சுவர்ல இருந்து உன் தலை மூணே முக்கால் அடியில இருக்கணும். ரூம் நீளத்துல 38 சதவீதம்ங்கிறது ஒரு தொடக்கக் கணக்கு, அங்க இருந்து அரையடி முன்னப் பின்ன நகந்து பாத்துக்கலாம். ஸ்பீக்கர் முகம் சுவர்ல இருந்து ஒண்ணேகால் அடி. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல மூணடி, ஒவ்வொண்ணுக்கும் உன் தலைக்கும் மூணடி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும். சுவரை ஒட்டி இருக்கிறதால, எச்எஸ்5ஆ இருந்தா பின்னாடி பேஸைக் குறைக்கிற ரூம் கன்ட்ரோல் சுவிட்சை மைனஸ் 2 டெசிபல்ல வை. பத்தலைன்னா மைனஸ் 4. ஜேபிஎல்லா இருந்தா பவுண்டரி சுவிட்ச், மைனஸ் 1.5, இல்லைன்னா 3.

விக்கி: ஃபேன்?

சேகர்: என்ன ஃபேன்?

விக்கி: மூணே முக்கால் அடியில ஃபேன் காத்து வராதே.

சேகர்: மிக்ஸ் பண்ணும்போது ஃபேனையே நிறுத்தணும்டா.

விக்கி: மே மாசத்துலயுமா? இதெல்லாம் பண்ணி என்னண்ணே ஆகப் போகுது? எங்க மாமா பொண்ணு கல்யாணத்துல ஒரு சவுண்ட் செட்டு போட்டாங்க பாருங்க, நெஞ்சு அதிர்ந்துச்சு. அவங்க மைனஸ் 2 பாத்தாங்களா?

சேகர்: பாக்கலை. அதான் பந்தியில ரசம் கேட்டவருக்குப் பாயசம் வந்துச்சு. வீட்ல வயசானவங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டு மொய் எழுதினாங்க. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல்தான்னு 2000லயே விதி போட்டாச்சு. நம்மூரு மண்டபத்துல மேடைக்குப் பக்கத்துல ரெண்டு ஆள் உயரத்துக்குப் பெட்டியை அடுக்கிட்டு, மிக்ஸர்ல உக்காந்திருக்கிறவர் ஒரு தடவைகூட எழுந்து கடைசி வரிசைக்கு நடந்து போய்க் கேக்க மாட்டாரு. பாடுற பொண்ணு என்ன பாடுதுன்னு அந்தப் பொண்ணுக்கே தெரியாது. அவரும் உன்ன மாதிரி ரூம்லதான் பழகியிருப்பாரு.

விக்கி: என்னை ஏண்ணே இழுக்கறீங்க?

சேகர்: சரி, கடைக்குப் போறப்ப நான் வரணுமா?

விக்கி: வேணாம்ண்ணே, நீங்க வந்தா எதுவுமே வாங்க முடியாது. எப்படிக் கேட்டுப் பாக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க.

சேகர்: உனக்கு மனப்பாடமான பாட்டு நாலு எடுத்துட்டுப் போ. ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லு, போன்ல டெசிபல் மீட்டர் ஆப் போட்டு 75 பக்கமா நிறுத்திக்க. ஒண்ணு கொஞ்சம் கூடுதலா இருந்தாலே அதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துடும். கடைக்காரருக்கும் அது தெரியும், எதுல லாபம் அதிகமோ அந்த வால்யூம் தானா ஏறும். பாட்டை நிறுத்திட்டு ட்வீட்டர்கிட்ட காது வச்சுப் பாரு. உஸ்ஸுன்னு இரைச்சல் வரும். ஜேபிஎல் 305ல கொஞ்சம் கூடவே இருக்கும். மூணடியில உக்காந்தும் அது கேட்டா ராத்திரி வேலைக்கு எரிச்சலா இருக்கும்.

விக்கி: அண்ணே, கடைசியா ஒண்ணு. பேசாம ஹெட்போன் வாங்கிட்டா?

சேகர்: இதை நீ மொதல்லயே கேட்டிருந்தா நான் டீ குடிக்கப் போயிருப்பேன். அந்த ரூமுக்கு அதுதான் சரி. நல்ல ஹெட்போன் ஒண்ணு, கூட மூணரை இன்ச் ஜோடி. பேஸை ஹெட்போன்ல பாரு, குரலோட அளவை ஸ்பீக்கர்ல பாரு. மிச்சக் காசுக்கு ராக்வூல்.

விக்கி: அப்ப பீரோ?

சேகர்: ஹெட்போனுக்குள்ள பீரோ இல்லை.

விக்கி: சூப்பர்ண்ணே! நாளைக்கே வாங்கிடறேன்.

சேகர்: லேப்டாப், இன்டர்ஃபேஸ், ரெண்டு ஸ்பீக்கர், எல்லாத்தையும் ஒரே ஸ்பைக் போர்டுல சொருகு. வேற வேற பிளக்குல போட்டா எர்த் வழியா ஹம்ம்னு சத்தம் சுத்தும். போடும்போது ஸ்பீக்கரைக் கடைசியா ஆன் பண்ணு, அணைக்கும்போது மொதல்ல அணை. இல்லைன்னா டொப்புன்னு ஒரு அடி வாங்கும்.

விக்கி: ஹம் பிரச்சினை எனக்கு இல்லவே இல்லைண்ணே. ஏற்கெனவே சரி பண்ணிட்டேன்.

சேகர்: எப்படி?

விக்கி: பிளக்குல மேல இருக்கிற பெரிய முள்ளு இருக்குல்ல, அதை வெட்டிட்டேன். எல்லாத்துலயும்.

சேகர்: எல்லாத்துலயுமா?

விக்கி: ஆமா. கம்ப்யூட்டர், ஆம்ப், அப்படியே அம்மாவோட கிரைண்டர்லயும். அதுலயும் ஒரு ஹம் இருந்துச்சு.

சேகர்: கிரைண்டர்ல வர்றது மோட்டர் சத்தம்டா! ஈரக் கையோட மாவு தள்றவங்க பிளக்குல எர்த்தை வெட்டியிருக்க. போனைக் குடு.

விக்கி: ஸ்பீக்கர் கடைக்காரருக்காண்ணே?

சேகர்: எலக்ட்ரீஷியனுக்கு. அதுக்கு முன்னாடி உங்கம்மாவுக்கு.